‘விழுந்துவிடுவேனோ?’ – சிகிச்சைக்குப் பிறகும் விடாத பயம்

சுங்கைப்பட்டாணியிலிருந்து பீடோங் போகும் வழியில் இருக்கிறது சுங்கை லாலாங். ஒரு காலத்தில் இந்த வட்டாரம் முழுக்க ரப்பர் தோட்டங்கள். இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் பிறந்து, லயத்திலேயே பிள்ளை பெற்றவர்கள், இப்போது தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு வயோதிகத்தைக் கழிக்கிறார்கள்.

அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். விடியாத இருட்டில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்த சருகுகளை மிதித்து, மேடும் பள்ளமுமான நிரையில் மரத்துக்கு மரம் ஓடியவர். காண்டாவில் இரண்டு வாளிப் பாலைத் தொங்கவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கி வந்தாலும் ஒரு சொட்டு சிந்தாது. இப்போது அவருக்கு மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை முடிந்து, கீமோதெரபியும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டி அடங்கி வருவதாக டாக்டர் சொல்கிறார். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி.

ஆனால் பாட்டி நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. அந்த நாற்காலிக்கும் குளியலறைக்கும் இடையில் பன்னிரண்டு அடி தூரம் இருக்கலாம். காண்டா தூக்கிச் சரிவில் இறங்கிய அதே கால்களுக்கு இந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்கப் பயம்.

கிளினிக்கில் மிஸ்ஸி கேட்கிறார்: “பாட்டி, வீட்டில எங்கயாச்சும் விழுந்தீங்களா?”

“இல்லம்மா.”

மகளும் இல்லையென்று தலையாட்டுகிறார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பின்கட்டில் துணி காயப்போடும்போது ஒருமுறை, இரவில் கழிவறை வாசலில் ஒருமுறை என இரண்டு தடவை பாட்டி சரிந்து உட்கார்ந்துவிட்டார். காயமில்லை என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தனியாக விடமாட்டார்கள், சமையலறைப் பக்கம் போகவிடமாட்டார்கள், ஒருவேளை சிகிச்சையையே நிறுத்திவிடுவார்கள் என்று அவருக்கு ஆயிரம் கணக்கு.

இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. முதியவர்களுக்குப் புற்றுநோய் வரும்போது கட்டியின் அளவு, இரத்த அணுக்களின் எண்ணிக்கை, மருந்தின் செலவு என்று எத்தனையோ பேசுகிறோம். ‘விழாமல் நடக்க முடியும் என்ற நம்பிக்கை உங்களுக்கு இருக்கிறதா?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஏதோ மனத்தைத் தேற்றும் பேச்சு என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்த நம்பிக்கையை அளந்து பார்க்க முடியும். அது குறைந்தால் உடல் கெடும். வளர்த்தால் உடல் தேறும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறக்குறைய 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம். இறப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். விழுந்து, எலும்பும் முறியாமல் எழுந்துவிட்டவரின் கதை என்னவாகிறது என்பதுதான் இங்கே பேச வேண்டிய செய்தி.

பயம் காலைக் கட்டுகிறது

விழுந்து எழுந்த முதியவர்கள் சிலர், காலில் ஒரு குறையும் இல்லாதபோதும் பிடிமானம் இல்லாமல் நிற்கவே நடுங்குகிறார்கள். கைக்கு எட்டிய சுவர், மேசை, மனிதர் எதையாவது பற்றிக்கொள்கிறார்கள். 1982ஆம் ஆண்டு இங்கிலாந்து மருத்துவர்கள் இதை ‘விழுந்த பின் வரும் நோய்க்குறி’ என்றே பெயரிட்டு எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், ஒருமுறைகூட விழாதவர்களுக்கும் இந்தப் பயம் வருவதுண்டு என்று காட்டின.

இதன் ஓட்டம் எளிது. பயந்தவர் நடப்பதைக் குறைக்கிறார். நடை குறைந்ததும் தொடைத் தசை கரைகிறது. வயதானவர்களுக்குப் படுக்கையில் கிடக்கும் ஒவ்வொரு வாரமும் தசை இழப்புதான். இளைஞருக்கு அது சீக்கிரம் திரும்பிவிடும், எழுபதில் அப்படித் திரும்பாது. தசை தளர்ந்ததும் உண்மையாகவே தள்ளாட்டம் வருகிறது. தள்ளாடியதும், ‘பார்த்தாயா, நான் பயந்தது சரிதான்’ என்று மனம் சொல்கிறது. இனி அவர் கடைக்குப் போகமாட்டார், கோயிலுக்குப் போகமாட்டார், பக்கத்து வீட்டுத் திண்ணைக்கும் போகமாட்டார்.

இதை அளக்க முனைந்தவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக முதியோர் மருத்துவர் மேரி டினெட்டி. 1990ஆம் ஆண்டு அவர் குழுவினர் வெளியிட்ட அளவுகோலில் பத்தே பத்து வேலைகள். குளிப்பது, அலமாரியிலிருந்து பொருள் எடுப்பது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, உடை மாற்றுவது என்று எல்லாம் வீட்டு வேலைகள். ஒவ்வொன்றையும் விழாமல் செய்ய முடியும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்று பத்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். ‘பயமாக இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்டால் ஆண்கள் ‘எனக்கென்ன பயம்’ என்பார்கள். ‘குளியலறையில் வாளித் தண்ணீரைத் தூக்கும்போது?’ என்று வேலையைச் சொல்லிக் கேட்டால்தான் பதில் வருகிறது. டினெட்டியின் கெட்டிக்காரத்தனம் அங்கேதான்.

2005இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் இதை 16 வேலைகளாக விரித்தார்கள். வழுக்கும் தரையில் நடப்பது, மேடு பள்ளத்தில் நடப்பது, கூட்டத்தில் நடப்பது, உறவினரைப் பார்க்கப் போவது ஆகியவை சேர்ந்தன. வழிபாட்டுக்கோ விருந்து விசேஷத்துக்கோ போவதும் ஒரு கேள்வி. 1995இல் வந்த இன்னொரு அளவுகோலில் கடைசிக் கேள்வி, பனிக்கட்டி உறைந்த நடைபாதையில் நடப்பீர்களா என்பது! சுங்கை லாலாங்கில் பனிக்கட்டிக்கு எங்கே போவது? ஆனால் அடைமழைக்குப் பிறகு பின்கட்டில் பாசி படர்ந்த சிமெண்டுத் தரை இருக்கிறதே, அது எந்தப் பனிக்கட்டிக்கும் குறைந்ததல்ல. கேள்வியை அப்படி மாற்றிக் கேட்டால் நம் பாட்டிக்கும் புரியும்.

பாதம் மரத்துப் போகும்போது

நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூன்று காவலர்கள் வேலை செய்கிறார்கள்: கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் அனுப்பும் தகவல். ஒருவர் தூங்கிவிட்டால் மற்ற இருவரும் சமாளிப்பார்கள். இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடிப் பாருங்கள், உடல் லேசாக ஆடும். கண் என்ற காவலர் விடுப்பு எடுத்ததால் வரும் ஆட்டம் அது. முதுமையில் மூன்று பேருமே கொஞ்சம் தளர்ந்துதான் இருக்கிறார்கள். கண்ணில் புரை, காதில் மந்தம். இந்த நிலையில் பாதத்திலிருந்து வரும் தகவலும் நின்றுபோனால்?

புற்றுநோய் மருந்துகள் சில செய்வது அதைத்தான். மார்பகம், கருப்பை முட்டை, நுரையீரல் புற்றுநோய்களுக்குத் தரும் பாக்லிடாக்செல், பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரும் ஆக்சாலிபிளாட்டின், இன்னும் பல புற்றுநோய்களுக்குத் தரும் சிஸ்பிளாட்டின், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தரும் போர்டெசோமிப், இரத்தப் புற்றுநோய்க்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் தரும் வின்கிறிஸ்டின் ஆகியவை நரம்புகளைத் தாக்கக்கூடியவை. வின்கிறிஸ்டின் எதிலிருந்து கிடைத்தது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. லயத்து வாசலில் யாரும் நட்டு வளர்க்காமலே பூத்துக் கிடந்த அதே செடிதான்.

நரம்புகளில் மிக நீளமானவை முதுகின் அடியிலிருந்து கால்விரல் வரை ஓடுபவை; ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த நீளத்துக்கும் உணவும் பழுது பார்க்கும் பொருளும் உள்ளிருந்து போய்ச் சேர்ந்தாக வேண்டும். பாக்லிடாக்செல், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் புற்றுச் செல்களைப் பிரியவிடாமல் தடுக்க எந்த நுண்குழாய்களைக் குறி வைக்கின்றனவோ, அதே நுண்குழாய்கள்தான் நரம்புக்குள் சரக்கு போகும் தண்டவாளம். தண்டவாளம் கெட்டால் கடைசி நிலையத்துக்குத்தான் முதலில் தட்டுப்பாடு வரும். அதனால்தான் மரமரப்பு கால்விரலில் தொடங்கி, காலுறை போட்டதுபோல் மேலே ஏறுகிறது. பஞ்சின் மேல் நடக்கிறமாதிரி இருக்கிறது என்பார்கள் சிலர். செருப்பு கழன்றதே தெரியவில்லை என்பார்கள் வேறு சிலர்.

இதோடு நீரிழிவும் சேர்ந்தால் சேதம் இரட்டிப்பு. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு காணப்பட்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே மிக அதிகம். நம் வீட்டுப் பெரியவர்களில் பலர் கீமோவுக்குப் போகும் முன்பே பாத உணர்ச்சியில் பாதியைச் சர்க்கரைக்குக் கொடுத்துவிட்டவர்கள்.

ஆக்சாலிபிளாட்டின் எடுப்பவருக்குக் குளிர் பட்டாலே கைகால் சுரீரென்று கூசும். பிளாட்டின வகை மருந்துகளில் இன்னொரு ஏமாற்றமும் உண்டு. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதங்களுக்கு மரமரப்பு கூடிக்கொண்டே போகலாம். ‘ஊசி எல்லாம் முடிந்துவிட்டதே, இப்போது ஏன் மோசமாகிறது?’ என்று பதறுபவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைத்தால் பாதி பயம் போய்விடும். பலருக்கு மாதங்கள் போகப் போகக் குறைகிறது. சிலருக்கு ஓரளவு தங்கிவிடுகிறது.

மரமரப்பைப் பற்றி டாக்டரிடம் சொல்லாமல் மறைப்பது பெரிய தவறு. சிகிச்சை நின்றுவிடும் என்ற பயத்தில்தான் மறைக்கிறார்கள். சொன்னால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், இடைவெளி விடலாம், மருந்தை மாற்றலாம். எரிச்சலும் வலியுமாக இருந்தால் டுலொக்செட்டின் என்ற மாத்திரை சிலருக்கு உதவும். இந்த மரமரப்பை வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை. ‘நரம்புக்கு நல்லது’ என்று கடையில் விற்கும் புட்டிகளை டாக்டரைக் கேட்காமல் வாங்கிக் கொடுப்பது பணத்துக்குக் கேடு. சில சமயம் சிகிச்சைக்கும் கேடு.

நரம்பு மட்டுமா காரணம்? வாந்தி நிற்கவும் ஒவ்வாமை வராதிருக்கவும் தரும் ஸ்டீராய்டு மாத்திரை நாள்பட்டால் தொடைத் தசையை இளக்கிவிடும். நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போவது அதன் முதல் அடையாளம். சிகிச்சையால் இரத்தம் குறையும். வயிற்றுப்போக்கில் நீர் வற்றும். அந்த நேரத்திலும் பழைய பழக்கத்தில் இரத்த அழுத்த மாத்திரையை அதே அளவில் போட்டுக்கொண்டிருந்தால், எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வரும். தூக்க மாத்திரை தனிக் கதை. புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஆண் ஹார்மோனை அடக்கும் ஊசியும், மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து ஆண்டுகள், அதற்கு மேலும் தரும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகளும் எலும்பை மெலிய வைக்கும். அதாவது விழும் வாய்ப்பும் கூடுகிறது, விழுந்தால் முறியும் வாய்ப்பும் கூடுகிறது.

தைரியசாலிகளின் கணக்கு

பயப்படுகிறவர்களைப் பற்றியே பேசினோம். பயமே இல்லாதவர்கள்? தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை பார்த்த தாத்தாக்களில் பலர் அந்த ரகம். கீமோ போட்ட மூன்றாம் நாளே ஏணி வைத்து மாங்காய் பறிப்பார்கள்.

2010ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 70 முதல் 90 வயது வரையிலான 500 பேரிடம் செய்த ஆய்வு ஒன்று வெளிவந்தது. உடல் அளவில் விழும் ஆபத்து எவ்வளவு, அவர்களாக நினைத்துக்கொண்டிருக்கும் ஆபத்து எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியே அளந்தார்கள். 69 விழுக்காட்டினருக்கு இரண்டும் ஒத்துப்போயின. 11 விழுக்காட்டினர் உடல் நன்றாக இருந்தும் பயந்தவர்கள். 20 விழுக்காட்டினர் உடல் தளர்ந்திருந்தும் பயப்படாதவர்கள். இந்த 20 விழுக்காட்டினர்தான் அதிகம் விழுந்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். ஆனால் அவர்களுடைய நம்பிக்கை அவர்களுக்குக் காப்பாகவே இருந்தது. அவர்கள் நடமாட்டத்தை நிறுத்தவில்லை, நாலு பேரோடு பழகுவதை விடவில்லை. உடல் நன்றாக இருந்தும் பயந்தவர்களுக்கோ, மனச்சோர்வின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. ஒருவர் பின்னால் விழுவாரா என்பதில் உடலின் நிலைக்கும் மனத்தின் பயத்துக்கும் தனித்தனியே பங்கு உண்டு என்பதே ஆய்வின் முடிவு.

அதற்காக மாங்காய் தாத்தாவுக்கு ஏணியை எடுத்துக் கொடுக்க முடியாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பொதுவான முதியவர்கள். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரின் உடலோ வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஊசி போட்ட சில நாட்கள் ஒரு மாதிரி, அடுத்த ஊசிக்கு முந்திய வாரம் வேறு மாதிரி. போன மாதத்து உடலை நம்பி இந்த மாதம் ஏணி ஏறுவதுதான் அவரிடம் உள்ள கோளாறு. ஆகவே நம்பிக்கையும் அடிக்கடி சரிபார்க்க வேண்டிய ஒன்றாகிறது.

விழுவதைப் பற்றிய கேள்வி டாக்டருக்கும் உதவுகிறது. அமெரிக்காவில் முதியோர் புற்றுநோய் மருத்துவத்தை வளர்த்தவர்களில் ஒருவர் டாக்டர் ஆர்த்தி ஹுரியா. 2018இல் காலமானார். 2011இல் அவர் குழு, 65 வயதும் அதற்கு மேலுமான 500 நோயாளிகளை ஆராய்ந்து, கீமோவின் கடும் பக்கவிளைவு யாருக்கு வரும் என்று முன்கூட்டிக் கணிக்க 11 கேள்விகள் கொண்ட முறையை வகுத்தது. அவற்றில் ஒன்று, ‘கடந்த ஆறு மாதத்தில் விழுந்தீர்களா?’ என்பது. இரத்தப் பரிசோதனைக்குச் சமமான தகவல் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. நம் பாட்டி “இல்லம்மா” என்று சொன்னபோது, மருந்தின் அளவைத் தீர்மானிக்க உதவும் ஒரு தகவலையே மறைத்துவிட்டார்.

நம்பிக்கை எப்படித் திரும்பும்?

‘பயப்படாதீங்க அம்மா, ஒண்ணும் ஆகாது’ என்று நாளுக்குப் பத்துத் தடவை சொன்னாலும் பயம் போகாது. ஏன் போகாது என்பதற்கு உளவியல் அறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் விளக்கம் தந்தார். ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழியில் பிறக்கிறது என்றார். தானே செய்து வெற்றி கண்டது, தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைக் கண்டது, பிறர் சொன்ன ஊக்கச் சொல், தன் உடலின் படபடப்பைச் சரியாகப் புரிந்துகொண்டது. இவற்றில் வலிமை மிகுந்தது முதலாவது. வெறும் ஊக்கச் சொல்லுக்கு அந்த வலிமை கிடையாது.

பண்டூரா இதைப் பாம்புக்குப் பயந்தவர்களை வைத்துச் சோதித்தார் என்பது சுவாரசியமான செய்தி. முதலில் பாம்பு இருக்கும் அறை வாசலில் நிற்பது, பிறகு உள்ளே வருவது, கையுறையோடு தொடுவது, கடைசியில் வெறுங்கையால் பிடிப்பது என்று படிப்படியாகப் போனார்கள். தோட்டத்துச் சனங்களுக்குப் பாம்பைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஆனால் படிப்படியாகப் போவது என்ற அந்த முறை குளியலறைக்கும் பொருந்தும்.

நம் பாட்டிக்கு இதை எப்படிச் செய்வது? முதல் வாரம், கை வைத்த உறுதியான நாற்காலியிலிருந்து கையை ஊன்றி ஐந்து தடவை எழுந்து உட்காரட்டும். அது சுலபமானதும் ஒரு கையை மட்டும் ஊன்றட்டும். பிறகு சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி நிற்கட்டும், அதன்பின் ஒரு காலில் சில விநாடி. பக்கத்தில் மகள் நிற்கலாம், தொடக்கூடாது. ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை என்று சுவரில் உள்ள நாட்காட்டியில் குறித்து வைக்கட்டும். நேற்று நாலு, இன்று ஐந்து என்று தானே எழுதிய கணக்கைப் பார்க்கும்போது வரும் துணிவை எந்த ஆறுதல் வார்த்தையும் தராது.

இவை சும்மா சொல்லும் கைவைத்தியம் அல்ல. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சித் திட்டம் இந்த வகையே. கால் தசை வலிமை, சமநிலை, நடை ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. 80 வயதைத் தாண்டிய பெண்களிடம் சோதித்து 1997இல் வெளியிட்டார்கள், விழுவது குறைந்தது. சிகிச்சையில் இருப்பவர்கள் இதைத் தொடங்கும் முன் பிசியோதெரபிஸ்டைப் பார்ப்பது அவசியம். புற்று எலும்புக்குப் பரவியிருந்தால் சில பயிற்சிகள் கூடாது. அரசாங்க மருத்துவமனையில் பிசியோதெரபிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிப் புற்றுநோய் டாக்டரிடமே கேட்கலாம். பலர் கேட்பதில்லை. முதுகுவலிக்காரர்களுக்குத்தான் பிசியோதெரபி என்று ஓர் எண்ணம் நம்மிடம் இருக்கிறது.

விழுந்தால் எழுவதற்கும் பயிற்சி வேண்டும். டினெட்டி குழுவின் இன்னோர் ஆய்வில், காயமில்லாமல் விழுந்தவர்களில்கூட ஏறக்குறைய பாதிப் பேரால் ஒருமுறையாவது பிறர் உதவியின்றி எழ முடியவில்லை. முதலில் மூச்சு வாங்கி அடிபட்டதா என்று பார்ப்பது, ஒருக்களித்துப் புரள்வது, கையும் முட்டியும் ஊன்றித் தவழ்ந்து நாற்காலியை அடைவது, அதைப் பிடித்து வலுவான காலை முதலில் ஊன்றி எழுவது என்று அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பிசியோதெரபிஸ்டை வைத்துக்கொண்டு மெத்தை விரித்து இரண்டு தடவை பழகிவிட்டால், ‘விழுந்தால் அப்படியே கிடப்பேனோ’ என்ற திகில் கரைந்துவிடும். அந்தத் திகில்தான் பலருக்கு விழுவதைவிடப் பெரியது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மலிவு விலை வீடுகளில் குளியலறை வாசலில் ஒரு மேட்டுத் தடுப்பு இருக்கும். மரத்துப்போன பாதம் அதில்தான் தட்டும். பளிச்சென்ற வண்ணப் பட்டை ஒன்றை அந்த விளிம்பில் ஒட்டினால் பாதம் சொல்லாததைக் கண் சொல்லிவிடும். சுவரில் திருகி மாட்டிய கைப்பிடி வேண்டும். துண்டு மாட்டும் கம்பி ஆளைத் தாங்காது. இரவில் நடைவழியில் சிறு விளக்கு எரியட்டும். குந்தி உட்காரும் கழிவறையாக இருந்தால் அதன்மேல் வைக்கும் நாற்காலி கிடைக்கிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர், காலில் தேய்ப்பதை உட்கார்ந்தே கழுவி முடிக்கட்டும்.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். வீட்டுக்கு வீடு கிடக்கும் ரப்பர் சிலிப்பர் இவர்களுக்கு ஆகாது. விரலால் இறுக்கிப் பிடித்தால்தான் அது காலில் நிற்கும், விரலிலோ உணர்ச்சியில்லை. குதிகாலைப் பிடிக்கும் வார் உள்ள, அடி மெல்லிய, வழுக்காத செருப்பு நல்லது. புடவைக் கரையும் கைலியும் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை நாலு தடவை ஆட்டிவிட்டு எழுவது நல்ல பழக்கம். எழுந்ததும் தலை சுற்றுவதாகச் சொன்னால், கிளினிக்கில் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

கைத்தடி பிடித்தால் கிழம் என்று அர்த்தமாகிவிடுமாம்! குடையை ஊன்றிக்கொண்டு கடைக்குப் போகிறவர்கள் கைத்தடிக்கு வெட்கப்படுவது வேடிக்கைதான். வசதி குறைந்தவர்கள், தகுதி இருந்தால், துணைக்கருவிகளுக்குச் சமூக நல இலாகாவில் விண்ணப்பிக்கலாம்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அன்பு மிகுதியால் நாம் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. “நீங்க உக்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வரேன்” என்று தண்ணீர்க் குவளைக்கும் நாமே ஓடுகிறோம். அம்மாவின் கையை இறுகப் பற்றி இழுத்துக்கொண்டு நடக்கிறோம். அதில் அவருக்குக் கிடைக்கும் செய்தி, ‘உன்னால் முடியாது’ என்பதுதான். கையை நீட்டுங்கள், அவர் பிடித்துக்கொள்ளட்டும். வேண்டாதபோது விட்டுவிடும் உரிமை அவரிடம் இருக்கட்டும். பாதுகாப்பான வேலை ஏதாவது, உட்கார்ந்து கீரை ஆய்வதோ சாமிக்கு விளக்கேற்றுவதோ, அவர் பொறுப்பிலேயே இருக்கட்டும். விழுந்ததைச் சொன்னால் திட்டாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை சொல்லமாட்டார்.

வடக்கு மாநிலங்களிலிருந்து கதிரியக்கச் சிகிச்சைக்குப் பினாங்கு போவது பல்லாண்டு வழக்கம். பினாங்குத் தீவில் மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை 1976ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. சுங்கை லாலாங்கிலிருந்து போய்வர அரை நாளுக்கு மேலாகும். நெடுநேரம் காரில் உட்கார்ந்த கால்கள் இறங்கிய முதல் பத்தடியில்தான் தள்ளாடும். கதவைத் திறந்து, இரண்டு காலையும் தரையில் வைத்து, சற்று நேரம் உட்கார்ந்து, பிறகு எழட்டும். அவசரப்படுத்த வேண்டாம்.

சில நேரங்களில் பொறுத்திருக்கக்கூடாது. தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீமோவால் இரத்தத் தட்டணுக்கள் குறைந்தவருக்கும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவருக்கும் மூளைக்குள் கசிவு மெல்ல ஏற்படலாம். முதுகில் புதிதாக வலி, திடீரென்று இரு கால்களிலும் பலமின்மை, சிறுநீர் கழிப்பதில் கோளாறு என்று வந்தால் அது மரமரப்போ முதுமையோ அல்ல. முதுகுத்தண்டை ஏதோ அழுத்துகிறது என்று பொருள். அன்றைக்கே காட்டினால் நடையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அடுத்த தவணை வரை காத்திருந்தால் அந்த வாய்ப்பு போய்விடலாம்.

சுங்கைப்பட்டாணி சுப்பிரமணியர் ஆலயத்தில் சித்ரா பௌர்ணமி என்றால் சுற்று வட்டாரமே திரண்டுவிடும். கூட்டம், மேடு பள்ளம், வெறுங்கால் என்று அந்த 16 கேள்விகளில் கடினமான பலவும் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. கூட்டத்தில் கிருமித் தொற்று ஒட்டிக்கொள்ளும் பயமும் உண்டு என்பதால், வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் டாக்டரைக் கேட்டுவிட்டே போக வேண்டும். அவர் சரியென்று சொன்னால், பாட்டி ஏன் போகக்கூடாது? கூட்டம் சேருமுன் காலையில் போகட்டும். கைத்தடியோடு ஒரு சுற்று வரட்டும். வெயிலில் கொதிக்கும் தரை அவர் பாதத்துக்குத் தெரியாது என்பதால் தடித்த காலுறை அணியட்டும். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை வழுக்காது. வீடு திரும்பியதும் மகள் அம்மாவின் இரண்டு பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கட்டும், கொப்புளம் இருக்கிறதா, முள் ஏறியிருக்கிறதா என்று. விரல் இடுக்குகளையும் பார்க்கட்டும்.